குளிர்பதனக் கிழங்கில் போட்ட சிப்ஸ் ஏன் சிவக்கிறது?

கேட்கப்பட்டது இது: சிறிய அளவில் உருளைக்கிழங்கு சிப்ஸ் போட்டு விற்பவர் ஒருவர். மாசி, பங்குனியில் வாங்கிய கிழங்கு பொன்னிறமாக வந்தது. ஆடிக்கு மேல் அதே மண்டியில், அதே ரகம் என்று சொல்லி வாங்கிய கிழங்கு எண்ணெயில் விழுந்த சற்று நேரத்திலேயே செம்பழுப்பாகிறது, தின்றால் லேசாகக் கசக்கிறது. எண்ணெயை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம்தான் காரணம், அதுதான் அக்ரிலமைடு என்ற கேடான பொருளாக மாறுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அஸ்பராஜின் குறைந்த கிழங்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அவர் கேள்வி.

அஸ்பராஜினைப் பற்றிச் சொன்னது உண்மைதான். ஆனால் நீங்கள் தேட வேண்டியது அஸ்பராஜின் குறைந்த கிழங்கை அல்ல, சர்க்கரை குறைந்த கிழங்கை. ஏன் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது புரிந்தால் அடுப்படியில் செய்ய வேண்டியவை தாமே விளங்கும்.

அமினோ அமிலம் என்றாலே புரதத்தோடு கோத்திருப்பது என்று நினைக்கிறோம். காய், கிழங்குகளில் புரதத்தில் சேராமல் சாற்றில் கரைந்து தனியாகத் திரியும் அமினோ அமிலங்களும் உண்டு. தக்காளியின் சுவைக்குப் பின்னால் இருக்கும் குளுட்டமேட் அப்படிப்பட்டது. தர்ப்பூசணியில் இருக்கும் சிட்ருலின் புரதத்தில் கோக்கப்படும் இருபது அமினோ அமிலங்களில் ஒன்றே அல்ல. உருளைக்கிழங்கில் இந்தத் தனி அமினோ அமிலங்களில் முதலிடம் அஸ்பராஜினுக்கு. ஒரு மூலக்கூற்றில் நான்கு கார்பனுக்கு இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இருப்பதால், நைட்ரஜனைச் சேமித்து வைக்கவும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவும் செடிக்கு வசதியான பொருள் இது. 1806ல் வோக்லின், ரொபிகே என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அஸ்பராகஸ் தண்டின் சாற்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட அமினோ அமிலம் இதுவே. நம் தண்ணீர்விட்டான் கிழங்கும் அஸ்பராகஸ் குடும்பம்தான்.

ஒரு கிலோ பச்சை உருளையில் 2 முதல் 4 கிராம் வரை தனி அஸ்பராஜின் இருப்பது வழக்கம். ரகத்துக்கு ரகம், தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும் பெரும்பாலும் இரண்டு மடங்குக்குள்தான் மாறும். யூரியா அதிகம் போட்ட நிலத்தில் சற்றுக் கூடும். இதே கிழங்கில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ஆகிய ஒடுக்கும் சர்க்கரைகளோ ஐம்பது மடங்கு வரை மாறக்கூடியவை. நல்ல நிலையில் உள்ள சிப்ஸ் ரகத்தில் கிலோவுக்கு அரை கிராம்கூட இருக்காது. குளிரில் கிடந்த கிழங்கில் பல கிராம் ஏறிவிடும்.

இந்த இரண்டும் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஈரம் வற்றிய இடத்தில் சந்திக்கும்போது மெயிலார்டு வினை நடக்கிறது. சிப்ஸின் நிறம், மணம், ருசி எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. அதே வினையின் ஒரு கிளையில் அஸ்பராஜினின் அமினோ முனை சர்க்கரையோடு ஒட்டிக்கொள்கிறது, கார்பன் டைஆக்சைடு கழல்கிறது, மீதி உடைந்து அக்ரிலமைடு வெளியே வருகிறது. அதனால்தான் நிறமும் அக்ரிலமைடும் ஏறக்குறைய கைகோத்துப் போகின்றன. உங்கள் சிப்ஸ் சிவந்தால் அக்ரிலமைடும் ஏறியிருக்கிறது என்றே கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. கிலோவுக்கு 3 கிராம் அஸ்பராஜின் உள்ள கிழங்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோவிலிருந்து எண்ணெய் குடித்தது உட்பட சுமார் 350 கிராம் சிப்ஸ் கிடைக்கும். அஸ்பராஜினின் மூலக்கூறு எடை 132, அக்ரிலமைடுடையது 71. இருக்கிற அஸ்பராஜின் அத்தனையும் மாறினால் ஒரு கிலோ சிப்ஸில் 4.6 கிராம் அக்ரிலமைடு வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2017/2158 என்ற விதியில் சிப்ஸுக்கு வைத்துள்ள ஒப்பீட்டு அளவு கிலோவுக்கு 750 மைக்ரோகிராம். அதாவது ஆறாயிரம் அஸ்பராஜின் மூலக்கூறுகளில் ஒன்று மாறினாலே அந்த அளவைத் தொட்டுவிடும். அஸ்பராஜின் எப்போதும் தேவைக்கு மேல் கொட்டிக் கிடக்கிறது, வினையை இழுத்துப் பிடித்திருப்பது சர்க்கரைதான். கோதுமையில் இது தலைகீழ். அங்கே சர்க்கரை தாராளம், அஸ்பராஜின்தான் குறைவு. அதனால் பிஸ்கட் செய்கிறவர்கள் அஸ்பராஜினை உடைக்கும் அஸ்பராஜினேஸ் நொதியை மாவிலேயே கலக்கிறார்கள். பிசைந்த மாவில் நொதி எங்கும் பரவும். உருளைச் சீவலில் மேலே தடவினால் உள்ளே இறங்காது. யாராவது அந்த நொதியை உங்களிடம் விற்க வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அக்ரிலமைடு உணவில் இருப்பது தெரியவந்ததே தற்செயல். சுவீடனில் ஹாலண்ட்சோஸ் மலையில் ரயில் சுரங்கம் தோண்டியபோது நீர்க்கசிவை அடைக்க அக்ரிலமைடு கலந்த பூச்சைச் செலுத்தினார்கள். 1997ல் அது ஓடைகளில் கலந்து மீன்கள் செத்தன, மாடுகள் முடங்கின. தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்த, சுரங்கப் பக்கமே போகாதவர்களின் ரத்தத்திலும் அதன் தடயம் இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் வறுத்த, பொரித்த உணவில் வந்து நின்றார்கள். 2002 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு இறுதிக்குள் அஸ்பராஜினும் சர்க்கரையும் சேரும் இந்த வழியை பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. அதற்கு முன்பே, 1994ல், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை’ என்ற 2ஏ பிரிவில் சேர்த்திருந்தது. அதற்கு அடிப்படை விலங்குச் சோதனைகள். உணவு வழியாக மனிதருக்கு வரும் கேட்டைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. பயந்து கடையை மூட வேண்டியதில்லை. குறைக்க முடிந்ததைக் குறைக்காமல் விடவும் கூடாது, குழந்தைகள் அதிகம் தின்னும் பண்டம் இது.

இப்போது ஆடி மாதத்துக்கு வருவோம். வடக்கே சமவெளியில் உருளை அறுவடை தை முதல் பங்குனிக்குள் முடிந்துவிடுகிறது. அதன்பின் கார்த்திகை வரை சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி கோல்ட் ஸ்டோரேஜிலிருந்து வருவது. குழம்புக்கும் விதைக்கும் வைக்கும் கிழங்கை 2 முதல் 4 டிகிரியில் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் முளை வராது, எடை குறையாது. ஆனால் 8 டிகிரிக்குக் கீழே போனதும் கிழங்கு தன் மாவுச்சத்தை உடைத்துச் சுக்ரோஸ் ஆக்குகிறது. இன்வர்டேஸ் என்ற நொதி அந்தச் சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிளக்கிறது. இதைக் குளிர் இனிப்பேற்றம் என்பார்கள். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. தோல் பளபளவென்று, கை வைத்தால் கல் மாதிரி உறுதியாக இருக்கும். நீங்கள் ஏமாந்தது இங்கேதான். ரகம் மாறவில்லை, கிடந்த இடம் மாறியிருக்கிறது.

சிப்ஸுக்கென்று வைக்கும் கிழங்கை 10 முதல் 12 டிகிரியில் வைப்பார்கள். அந்தச் சூட்டில் முளை கட்டும் என்பதால் சிஐபிசி என்ற முளைத்தடுப்பு மருந்தைப் புகையாக அடிப்பார்கள். (ஐரோப்பாவில் 2019ல் இதன் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. அங்கே இப்போது மாற்று வழிகள்தான்.) வடக்குச் சந்தைகளில் இப்படி வைத்த கிழங்கை ‘சுகர் ஃப்ரீ ஆலு’ என்று விற்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கானது என்று அர்த்தமில்லை, மாவுச்சத்து அப்படியேதான் இருக்கிறது. மண்டியில் நீங்கள் கேட்க வேண்டியது “எந்த ஊர்க் கிழங்கு?” என்பதை மட்டும் அல்ல, “எத்தனை டிகிரி ஸ்டோரேஜ்?” என்பதையும். ரகத்தில், சிம்லா மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா 1, 2, அதற்குப் பின் வந்த சிப்சோனா 3 ஆகியவை இதற்கென்றே உருவாக்கப்பட்டவை. குஃப்ரி ஜோதி குழம்புக் கிழங்கு. மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் ஊட்டிக் கிழங்கு புதிதாக இருந்தால் கோல்ட் ஸ்டோரேஜ் கிழங்கைவிட நல்லது. ஆனால் மலைக் குளிரில் விளைந்தது என்பதால் சர்க்கரை சற்றுத் தூக்கலாக இருக்கலாம். புதிது என்பதற்காகச் சோதிக்காமல் வாங்காதீர்கள்.

சோதனை எளிது. மருந்துக் கடையில் சிறுநீரில் குளுக்கோஸ் பார்க்கும் பட்டை கிடைக்கும். லாட்டுக்குப் பத்துக் கிழங்கு, வெவ்வேறு மூட்டையிலிருந்து எடுங்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும். நீளவாக்கில் பிளந்து, கொடியோடு ஒட்டியிருந்த முனையிலிருந்தும் எதிர் முனையிலிருந்தும் கொஞ்சம் துருவிப் பிழிந்து, அந்தச் சாற்றில் பட்டையை நனைத்து எடுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம், வழக்கமாக 30 விநாடி, கழித்து நிறத்தை ஒப்பிடுங்கள். இரண்டு முனையிலும் எடுக்கச் சொல்வது காரணத்தோடுதான். வயலில் தண்ணீர்ப் பஞ்சத்திலும் வெயிலிலும் அடிபட்ட கிழங்கில் கொடி முனையில் மட்டும் சர்க்கரை சேர்ந்திருக்கும். சிப்ஸில் ஒரு ஓரம் மட்டும் கறுப்பதற்கு அதுவே காரணம்.

பட்டையைப் படிப்பதில் இரண்டு கவனம் வேண்டும். அது குளுக்கோஸை மட்டும்தான் காட்டும். குளிரில் கிடந்த கிழங்கில் ஏறக்குறைய அதே அளவு ஃப்ரக்டோஸும் இருக்கும், எனவே காட்டுவதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். சாற்றில் உள்ள வைட்டமின் சி பட்டையின் நிறத்தைச் சற்று மட்டுப்படுத்தவும் செய்யும். சிப்ஸுக்கு ஏற்ற வரம்பு 100 கிராம் பச்சைக் கிழங்கில் 100 மில்லிகிராம் ஒடுக்கும் சர்க்கரை. பட்டையின் முதல் நிறமே பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம். ஆகவே, நிறமே மாறவில்லை என்றால் வாங்கலாம். முதல் நிறம் தெரிந்தால் வெந்நீரில் போட்டெடுக்காமல் பொரிக்கக் கூடாது. 250 அல்லது அதற்கு மேல் காட்டினால் அந்த லாட் சிப்ஸுக்கு வேண்டாம்.

கூடவே உப்புநீர்ச் சோதனையும் செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 130 கிராம் உப்பைக் கரைத்தால் அதன் ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு கனம் என்பது) 1.08 அளவுக்கு வரும். அதில் மூழ்கும் கிழங்கில் உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சுவது, 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்கும். மிதக்கும் கிழங்கில் தண்ணீர் அதிகம், அதிக நேரம் பொரிய வேண்டும், அதிக எண்ணெய் குடிக்கும். சர்க்கரை சரியாக இருந்தாலும் மிதக்கும் கிழங்கு நஷ்டம்தான்.

கடைசி வார்த்தை எப்போதும் எண்ணெய்க்குத்தான். பத்துக் கிழங்கிலும் நடுவிலிருந்து இரண்டிரண்டு சீவல் எடுத்து 175 டிகிரி எண்ணெயில் போட்டு, குமிழ் அடங்கும்வரை பொரித்துப் பாருங்கள். இருபதில் மூன்று, நான்கு செம்பழுப்பானால் லாட்டை விடுங்கள்.

சரி, சுமாரான கிழங்கு கைக்கு வந்துவிட்டது, என்ன செய்யலாம்? சீவலை 1.3 முதல் 1.5 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீராகச் சீவுங்கள். ஓரம் மெலிந்தால் நடு வேகுமுன் ஓரம் கருகும். பச்சைத் தண்ணீரில் அலசி மாவை நீக்குங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பச்சைத் தண்ணீர் அறுபட்ட செல்களிலிருந்து வழிந்ததை மட்டும்தான் கழுவும். உள்ளே முழுதாக இருக்கும் செல்களின் சவ்வு உடைய வெப்பம் வேண்டும். 70 டிகிரி வெந்நீரில் 3 நிமிடம் போட்டெடுத்தால் சர்க்கரையும் அஸ்பராஜினும் சேர்ந்தே வெளியே வரும். 80ஐத் தாண்டவிட்டால் மாவுச்சத்து குழைந்து சீவல் கிழியும், எண்ணெய் அதிகம் குடிக்கும். பிறகு நன்றாக வடித்து, துணியில் பரப்பி ஃபேன் காற்றில் ஈரம் போக உலர்த்திப் பொரியுங்கள். சோதனையில் தேறிய கிழங்குக்கு இந்த வேலை தேவையில்லை, கிழங்கின் ருசியும் கொஞ்சம் கழுவிப்போகும்.

இந்த வெந்நீர் முறையில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. தண்ணீரை மாற்றுவதில்லை. கிலோவுக்கு 2 கிராம் சர்க்கரையுள்ள சீவல் ஒரு கிலோவை 4 லிட்டர் தண்ணீரில் போடுகிறீர்கள் என்று வைப்போம். சீவலுக்குள் சுமார் 800 மில்லி தண்ணீர் இருக்கிறது. உள்ளும் வெளியும் சமமாகும்வரை சர்க்கரை இறங்கினால், முதல் ஈட்டில் சீவலில் மிஞ்சுவது 0.33 கிராம். அதே தண்ணீரில் இரண்டாம் ஈட்டில் மிஞ்சுவது 0.6, மூன்றாவதில் 0.85, நான்காவதில் 1 கிராமுக்கு மேல். அதாவது நான்காம் ஈட்டில் பாதிகூட வெளியேறாது. 3 நிமிடத்தில் முழுச் சமநிலை வராது, ஆகவே உண்மையில் இன்னும் மோசம். “முதல்ல நல்லா வந்துச்சு, போகப்போகச் சிவக்குது” என்று சொல்வதில் பாதி இந்தத் தண்ணீரால்தான். இரண்டு ஈட்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சிவப்பைக் குறைக்க என்று தண்ணீரில் சோடா உப்பு போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது நேர் எதிர்வேலை செய்யும். காரத்தன்மை மெயிலார்டு வினையை விரட்டிவிடும். சுண்ணாம்புத் தெளிநீர் சீவலை விறைப்பாக்கும், ஆனால் அதுவும் காரம்தான். கால்சியத்தின் நன்மை வேண்டுமென்றால், உணவுத் தரக் கால்சியம் குளோரைடை லிட்டருக்கு 5 கிராம் என்ற அளவில் கரைத்துச் சில நிமிடம் ஊறவைக்கலாம். கூடினால் கசக்கும். சிட்ரிக் அமிலமும் அக்ரிலமைடைக் குறைக்கும், ஆனால் பலன் தெரியும் அளவுக்குப் போட்டால் புளிக்கும். எலுமிச்சை மசாலா சிப்ஸுக்குப் பொருந்தலாம்.

சீவிய கிழங்கு தட்டிலேயே இளஞ்சிவப்பாகிப் பின் கறுப்பது வேறு கதை. அதில் டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் குளோரோஜெனிக் அமிலமும் காற்றுபட்டு நொதியால் நிறம் மாறுகின்றன. தண்ணீரில் மூழ்க வைத்தால் நின்றுவிடும். இதையும் எண்ணெயில் வரும் சிவப்பையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொரிப்பதில், சீவல் விழும்போது எண்ணெய் 170 முதல் 175 டிகிரி இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். பத்து லிட்டர் எண்ணெய்க்கு ஒரு கிலோ சீவல் என்பது உச்ச வரம்பு. ஒரு கிலோ சீவலில் உள்ள 800 கிராம் தண்ணீரை ஆவியாக்க சுமார் 1,800 கிலோஜூல் வேண்டும். பத்து லிட்டர் எண்ணெய் ஒரு டிகிரி இறங்கினால் கொடுப்பது ஏறக்குறைய 20 கிலோஜூல். அடுப்பு எரியாவிட்டால் அந்த ஒரு ஈட்டிலேயே எண்ணெய் 90 டிகிரி இறங்கிவிடும். சட்டி நிறையக் கொட்டினால் எண்ணெய் ஆறிப்போய் சீவல் எண்ணெயில் ஊறும். பயந்து தீயைக் கூட்டுவீர்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்தத் தீ எண்ணெயை 185, 190 என்று ஏற்றிவிடும். அக்ரிலமைடு பெரும்பகுதி உருவாவது இந்தக் கடைசி அரை நிமிடத்தில்தான். சீவலில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100ஐ அதிகம் தாண்டாது, வற்றியதும் எண்ணெயின் சூட்டை எட்டிவிடும். ஆகவே சலசலப்புக் குறையத் தொடங்கியதும் தீயைத் தணித்து, 160 வரை இறங்கவிட்டு முடியுங்கள். குமிழ் முற்றிலும் நிற்கும்வரை காத்திராமல், அங்கொன்று இங்கொன்றாக வரும்போதே ஜல்லிக்கரண்டியில் அள்ளுங்கள். அதற்காக முன்கூட்டியே அள்ளினால் ஈரம் தங்கிச் சில நாளில் நமத்துப்போகும். சிப்ஸில் ஈரம் 2 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

வெப்பமானி அவசியம். எண்ணெய்க்குள் முங்கும் கம்பி வகையை வாங்குங்கள். தூரத்திலிருந்து காட்டும் துப்பாக்கி வகை நீராவிக்கு நடுவே மேற்பரப்பை மட்டும் படித்துக் குறைத்துக் காட்டும்.

நேந்திரன் சிப்ஸும் போடுகிறீர்கள் என்றால் இதே விதி அங்கும் செல்லும். காய் பழுக்கத் தொடங்கினால் சர்க்கரை ஏறிச் சிவக்கும். மரவள்ளியில் தனி அஸ்பராஜின் குறைவு, அதில் இந்தத் தொல்லை குறைவு.

இப்போது குடோனில் இருக்கும் மூட்டைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. சாக்கைப் பிரித்து, இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் ஓரடி உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். 15 முதல் 20 டிகிரி உகந்தது. சமவெளியில் அவ்வளவு குளிர்ச்சி கிடைக்காவிட்டால் இருப்பதில் குளிர்ந்த அறையில் வையுங்கள், அழுகலைத் தினமும் பொறுக்கி எடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் சர்க்கரையின் ஒரு பகுதி சுவாசத்தில் செலவாகும், ஒரு பகுதி மீண்டும் மாவாகும். வாரம் ஒருமுறை பட்டையில் பாருங்கள். முழுதாகத் திரும்பாது, ரகத்தைப் பொறுத்துப் பாதியோ கூடவோ குறையும். மாதக்கணக்கில் கிடந்து முதுமையால் இனித்த கிழங்கு இப்படி மீளவே மீளாது. அதில் முளை நீண்டு தோல் சுருங்கியிருக்கும். மூன்று வாரம் கழித்தும் பட்டை 250 காட்டினால், முளைக்காத, பச்சை படராத கிழங்கை மட்டும் பொறுக்கி மசாலாவுக்கும் போண்டாவுக்கும் வாங்கும் கடைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கே கிழங்கு தண்ணீரில்தான் வேகும், போண்டாவிலும் மாவுக்குள்ளே இருப்பதால் 120 டிகிரியைத் தொடாது. எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் அக்ரிலமைடு உருவாக வழியில்லை.